அம்மாவின் சவுரியும் பாரீஸ் சவுரியும்

சென்ற மாதம் பாரீசிலிருந்து பேத்தி அனந்தபுரம் வந்திருந்தாள். குளிக்கப் போகும் முன் தலையிலிருந்து அலையலையான முடியைக் கொத்துக் கொத்தாகக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். நான் பதறிவிட்டேன். "பயப்படாதீங்க தாத்தா, ஒட்டு முடி" என்று சிரித்தாள்.

அதனோடு வந்த குறிப்புத்தாள் பிரெஞ்சில் இருந்தது. புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கி பிரெஞ்சில் படித்தவன் நான், வாசித்துப் பார்த்தேன். ஈரத்தில் சீவக் கூடாது. சிக்கை நுனியிலிருந்து எடுத்து மேலே போக வேண்டும். தூங்கும் முன் கழற்றிவிட வேண்டும். எல்லாம் என் அம்மா சொன்னதுதான்!

1958-இல் எனக்கு டைபாய்டு. பிள்ளை பிழைத்தால் முடி தருவதாக மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அம்மா வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்தேன், அவளுடைய இடுப்பளவு சுருட்டை முடி போயிற்று. அதற்கு முன்பு சீவும்போது உதிர்ந்த முடியைச் சுருட்டி மாடத்தில் சேர்த்து வைத்திருந்தாள். முடி மறுபடி தோளைத் தொட்ட பிறகு, அந்தப் பழைய முடியைச் சவுரியாகக் கட்டச் சொல்லி வைத்துக்கொண்டாள். சீயக்காய்த் தண்ணீரில் அலசுவாள், பிழிய மாட்டாள். நிழலில் தொங்கவிட்டு, காய்ந்ததும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் தடவுவாள்.

இதற்குக் காரணம் உண்டு. முடியின் மேல் மீன் செதில் போன்ற அடுக்கு, வேரிலிருந்து நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். உதிர்ந்த முடியில் வேரும் நுனியும் மாறிக் கிடப்பதால் செதில்கள் ஒன்றையொன்று பிடித்துச் சிக்காகும். மொட்டையடித்த முடியை ஒரே திசையில் கட்டலாம். 'ரெமி' என்று சொல்லி அதற்கு அதிக விலை வைப்பது அதனால்தான். தலையில் வளரும் முடிக்குத் தோல் எண்ணெய் தருகிறது. சவுரிக்கு அது கிடையாது. சுருட்டைச் சவுரி என்றால் இன்னும் சீக்கிரம் வறண்டு சிக்கு விழும்.

எங்கள் பிரெஞ்சு சரித்திரப் புத்தகத்தில் பதினான்காம் லூயி தோள் வரை சுருள் சுருளாகப் பொய்முடி அணிந்திருப்பார். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றியபோது ஆண்டவர் அவர்தான். அந்தக் காலத்துப் பாரீஸ் கைவினைஞர்கள் முடியைக் களிமண் உருளைகளில் சுற்றித் தண்ணீரில் வேகவைத்து, பிறகு மாவுக்குள் பொதிந்து அடுப்பில் சுட்டு, சுருளை நிலைக்க வைத்தார்கள். இன்று கம்பியில் சுற்றி நீராவியில் வைக்கிறார்கள். அப்படிப் போட்ட சுருள் அழுத்திச் சீவினால் தளர்ந்துவிடும்.

இப்போது அந்த முடியில் ஒரு பங்கு நம் பக்கத்துக் கோயில்களிலிருந்து போகிறது. திருப்பதி தேவஸ்தானம் 2011 முதல் இணையவழியில் ஏலம் விடுகிறது. 2004-இல் ஒரு விசித்திரம் நடந்தது. திருமணமான யூதப் பெண்களில் ஆசாரமானவர்கள் தங்கள் கூந்தலைப் பொய்முடியால் மறைப்பார்கள். இந்தியக் கோயில் முடி விக்கிரகத்துக்குப் படைத்தது, அதை அணியலாகாது என்று ஜெருசலேமின் மூத்த மதகுரு யோசெஃப் ஷாலோம் எலியாஷிவ் தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளினில் பெண்கள் விலையுயர்ந்த பொய்முடிகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. ஆனால் மலையனூரில் மொட்டைத் தலையோடு என்னைத் தூக்கிக்கொண்டு நின்ற அம்மா நினைவுக்கு வந்தாள். கொடுத்த முடி எங்கே போயிற்று என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கொடுத்தாயிற்று, அவ்வளவுதான்.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இது எந்தப் பிள்ளைக்காக யார் கொடுத்ததோ தாத்தா" என்றவள், நாற்காலியில் கிடந்த முடியை எடுத்து விரலாலேயே நுனியிலிருந்து சிக்கெடுத்து, நிழலில் கொடியில் தொங்கவிட்டாள்.