ஆடிக் காற்றும் சைக்கிள் ஆசனமும்

"மாமா, தேனிக்குள்ளே சுற்றி வர ஒரு சைக்கிள் வாங்கப் போகிறேன். எது சௌகரியமாக இருக்கும்?" என்று கேட்டான் என் அக்காள் மகன். கையில் ஒரு படம் வைத்திருந்தான். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்த கைப்பிடி. விரற்கடை அகலத்தில் ஓர் ஆசனம்.

நான் உடனே சரித்திரத்தை ஆரம்பித்து விட்டேன். எழுத்தாளனிடம் யோசனை கேட்பவர்களுக்குக் கிடைக்கிற தண்டனை இதுதான்.

1870-களில் சைக்கிள் என்றால் முன்னே ஆள் உயரச் சக்கரம், பின்னே ஒரு குட்டிச் சக்கரம். வழியில் கல் தட்டினால் சவாரி செய்கிறவர் தலைகுப்புற விழ வேண்டியதுதான். 1885-இல் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' வண்டியைக் கொண்டு வந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய சமம். சங்கிலி பின் சக்கரத்தைச் சுழற்றியது. கால் தரையில் எட்டியது. கெட்டி ரப்பர் சக்கரம் என்பதால் எலும்பை உலுக்கியது மட்டும் நிற்கவில்லை. 1888-இல் பெல்பாஸ்டில் மிருக வைத்தியர் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். இதே யோசனைக்கு 1845-லேயே தாம்ஸன் என்பவர் காப்புரிமை வாங்கியிருந்தார். பாவம், அதை மாட்டுவதற்கு அப்போது சைக்கிள் இல்லை!

இவற்றிலிருந்து பிறந்ததுதான் நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு வண்டி. 28 அங்குலச் சக்கரம். ஓட்டுகிறவரை நோக்கித் திரும்பி வரும் கைப்பிடி. ஸ்பிரிங் மேல் தோல் ஆசனம். வேஷ்டி சிக்காமல் இருக்கச் சங்கிலிக்கு மூடி. முன் கவை சற்றே முன்னால் வளைந்திருப்பதால் குழியின் அதிர்ச்சி நேரே மணிக்கட்டுக்கு வராது. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. ஏறக்குறைய அதே காலத்தில் வங்காளத்து ஆசன்சோலில் சென்-ராலே தொழிற்சாலை வந்தது. பால் கேனும் வாழைத்தாரும் அந்தக் கறுப்பு வண்டியில்தான் கம்பம் பள்ளத்தாக்கெங்கும் பயணம் போயின.

"ஆனால் எதிர்க்காற்றில் மிதிக்க முடியாதே, மாமா?" என்றான் பையன்.

நியாயமான கேள்வி. தேனியிலிருந்து கம்பம் சுமார் 40 கிலோமீட்டர்; போகப் போகச் சாலை மெதுவாக உயர்கிறது. ஆனி, ஆடியில் மேற்கு மலைக் கணவாய்களின் வழியே இறங்கும் காற்று நேரே முகத்தில் அடிக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தவனின் மார்பு பாய்மரம் ஆகிவிடும். கனமான வண்டியில் கியரும் இல்லை. அங்கே அவனுடைய ஆட்டுக்கொம்பு வண்டிதான் ஜெயிக்கும். ஒப்புக்கொண்டேன்.

ஆனால் அவன் கேட்டது ஊருக்குள் சுற்றுவதற்கு. மதுரை ரோடும் பெரியகுளம் ரோடும் கம்பம் ரோடும் கூடுகிற நேரு சிலை அருகே, தலையைக் குனிந்துகொண்டு போகிறவன் எந்த ஆட்டோவைப் பார்ப்பான்? கைப்பிடி ஆசனத்தின் மட்டத்திலோ சற்று மேலேயோ இருக்கட்டும் என்றேன். பெடல் அடியில் வரும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் சிறிது மடங்கும். ஆசனத்தின் சரியான உயரம் அதுதான்.

அடுப்படியிலிருந்து அக்காள் குரல் வந்தது: "ஏண்டா தம்பி, அந்த வண்டியை நான் ஓட்டலாமா?"

இத்தனை சரித்திரத்திலும் அக்காளை நான் ஒரு தடவைகூட ஏற்றி உட்கார வைக்கவில்லை. சிறு வயதில் மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து, சட்டத்துக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டவன் நான். பார்த்துக்கொண்டு நின்றவள் அவள்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஆண்கள் வண்டியையே பிடித்தார்கள். அந்த வண்டிதான் வேண்டும் என்றவர்களும் உண்டு. குறுக்குச் சட்டத்தின் மேல் குழந்தையை உட்கார வைக்கலாமே! சேலைக்குச் சௌகரியம் என்று கம்பெனிக்காரர் தாழ்த்திய சட்டத்தை, பிள்ளைக்குச் சௌகரியம் என்று அவர்கள் மறுபடி உயர்த்திக் கொண்டார்கள்.

அக்காளுக்குக் கைக்குழந்தை இல்லை. ஆகவே தாழ்ந்த சட்டமும் அகல ஆசனமும் உள்ள வண்டியே வீட்டுக்கு வந்தது. ஆடி முடிந்தபின் விடியற்காலையில் மைதானத்தில் பழகுகிறாள். பையன் அவளுக்காக ஆசனத்தை இரண்டு விரற்கடை இறக்குகிறான். காலேஜுக்குப் போகும்போது மறுபடி ஏற்றிக் கொள்கிறான்.