பழைய கணிப்பொறியும் புதிய செயலியும்

கூரை பழுதுற்றால் சுவரை இடிப்பாரில்லை. கூரையை மட்டும் மாற்றி வேய்ந்து கொள்வர். வீட்டிலுள்ள பழைய கணிப்பொறிக்கும் இம்முறை பொருந்துமா என்பது நம்மில் பலர் கேட்கும் கேள்வி. பொருந்தும், ஆயின் எல்லாக் காலத்தும் ஒரே அளவில் பொருந்தியதில்லை. இதன் வரலாற்றைச் சற்று நோக்கினால், கையிலுள்ள சிறு தொகையை எவ்வாறு செலவிடலாம் என்பதும் விளங்கும்.

கணிப்பொறியினுள் கணக்கிடும் வேலையைச் செய்யும் சில்லைச் செயலி என்கிறோம். 1971-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. பத்தாண்டுகள் கழித்து, 1981 ஆகஸ்டில், ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. அதன் செயலி 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில், அச்செயலிக்கு அருகே ஒரு சாக்கெட் வெறுமையாக விடப்பட்டிருந்தது. 8087 என்னும் கணிதத் துணைச் செயலியை, வேண்டுவோர் பின்னர் வாங்கி அதிற் பொருத்திக்கொள்ளலாம். வாங்கிய பொறியைப் பின்னர் வலுப்படுத்தலாம் என்னும் எண்ணம் அவ்வெற்றிடத்திலேயே அடங்கியிருந்தது.

1992-இல் இன்டெல் ‘ஓவர்டிரைவ்’ என்னும் மாற்றுச் செயலிகளை விற்கத் தொடங்கியது. 25 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய 486 பலகையில் அதனைப் பொருத்தினால், செயலி மட்டும் உள்ளே 50 மெகாஹெர்ட்ஸில் ஓடும். எனினும் நினைவகமும் வட்டும் பழைய வேகத்திலேயே இருந்தமையால், வேலை இருமடங்கு விரைவாக முடியவில்லை. ஓர் உறுப்பை மாற்றினால் அவ்வுறுப்பின் பங்களவுக்கே பயன் கிட்டும் என்பது இதனாற் பெறப்படும் முதற்பாடம்.

அடுத்து வந்த ‘சாக்கெட் 7’ எளியோருக்கு நற்காலமாயிற்று. இன்டெலின் பென்டியம், ஏ.எம்.டி.யின் கே6, சைரிக்ஸின் 6x86 ஆகிய மூன்றும் அந்த ஒரே இடத்தில் அமர்ந்தன. போட்டி இருந்த இடத்தில் வாங்குவோருக்குத் தெரிவும் இருந்தது. 1997-இல் இன்டெல் தன் பென்டியம் 2 செயலிக்கு வேறு வடிவத்தைக் கொண்டது, ஏ.எம்.டி.யின் சில்லுகள் அதிற் பொருந்தவில்லை. கதவு ஒருபக்கம் சாத்தப்பட்டது.

வடிவம் ஒன்றாயிருத்தலே போதும் என்று எண்ணுவதும் பிழை. இப்பிழையை நாமே செய்திருக்கிறோம். மாதச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தில், முன்னர் ஒருவர் பயன்படுத்திய எட்டாம் தலைமுறைச் செயலியொன்றை வாங்கி வந்து, ஆறாம் தலைமுறைப் பலகையிற் பொருத்தினோம். சில்லு அமர்ந்தது; திரை மட்டும் இருண்டே கிடந்தது. 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைக்குச் சாக்கெட்டின் பெயர் மாறவில்லையாயினும், பழைய பலகைகள் அதனை ஏற்கா என்பதை அன்று நாம் அறிந்திலோம். கடைக்காரரை நொந்து பயனில்லை. கேளாமல் வாங்கியது நம் குற்றமே.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2017-இல் ரைசன் செயலிகளை ஏ.எம்4 என்னும் சாக்கெட்டுடன் ஏ.எம்.டி. அறிமுகப்படுத்தியது. 2020 மே மாதத்தில், அடுத்து வரும் செயலிகளைப் பழைய பலகைகள் ஏற்கா என்று அறிவித்தது. பயனாளர் பலர் எதிர்ப்புத் தெரிவிக்கவே, அதே மாதத்தில் 400 வரிசைப் பலகைகளுக்கு இசைவளித்தது. 2022-இல் 2017-ஆம் ஆண்டின் தொடக்கப் பலகைகளுக்கும் அவ்வாய்ப்பு நீட்டிக்கப்பட்டது. எளிய வாடிக்கையாளர் குரலுக்கும் வலிமை உண்டென்பதற்கு இது சான்று.

இன்று இச்செய்தி வெறும் வரலாறன்று. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ, ரைசனில் 2000 வரிசையோ, அதற்குப் பிந்தியதோ வேண்டும். ரைசன் 1000 வரிசையை உடையவர், பலகையை மாற்றாமலே செயலியை மாற்றித் தேறிவிடலாம். ஆறாம் தலைமுறை இன்டெல் உடையவருக்கு அவ்வழி இல்லை. அவர் கட்டணமில்லாத லினக்ஸை நாடுதல் தகும்.

ஊர்விட்டு வந்து வாழும் நமக்கு நேரு பிளேஸ், லேமிங்டன் சாலை, எஸ்.பி. சாலை போன்ற கடைவீதிகள் அண்மையிலேயே உள்ளன. அங்குச் செல்லுமுன் பலகையின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதன் தயாரிப்பாளர் வெளியிட்டுள்ள செயலிப் பட்டியலைப் பார்த்தல் வேண்டும். பழைய செயலி இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்தல் வேண்டும். கழற்றிய பின் அது பெரும்பாலும் இயலாது. புதிய சில்லின் வெப்பத்தை இருக்கும் விசிறி தாங்குமா என்றும் காண்க. பொறி இன்னும் சுழலும் வட்டில் இயங்குமாயின், முதற்செலவு எஸ்.எஸ்.டி.க்கே உரியது, தாமதத்திற்குப் பல வீடுகளில் அவ்வட்டே காரணம்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பர். அறிந்து செலவிடுவோமாயின், பழைய பெட்டியே பிள்ளைகளின் படிப்பிற்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.