நாலு ஸ்க்ரூ கொடுத்த சுதந்திரம்

எலெக்ட்ரிக் கிட்டார் கிட் ஒன்றைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும்? பெயிண்ட் அடிக்காத ஒரு பாடி, ஃப்ரெட் பதித்த ஒரு நெக், பிக்கப், பிரிட்ஜ், ட்யூனர், ஒரு சின்னப் பொட்டலத்தில் ஸ்க்ரூக்கள். "ஒரிஜினலோட மலிவு நகல்தானே இது" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. வரலாற்றைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு: அந்த ஒரிஜினலே ஒரு கிட் மாதிரிதான் பிறந்தது.

லியோ ஃபெண்டர் 1938-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் ரேடியோவில் ஒரு வால்வு போனால் அதை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ரிப்பேர்காரர் புத்தியோடுதான் கிட்டாருக்கு வந்தார். கிப்சன் போன்ற கம்பெனிகள் நெக்கைப் பாடியோடு பசை வைத்து ஒட்டின. அதைக் கழற்ற நீராவி காட்டிப் பசையை இளக்கணும். தேர்ந்த கை வேணும். லியோ 1950-ல் கொண்டுவந்த கிட்டாரில் நெக்கை நாலு ஸ்க்ரூவால் முடுக்கினார். நெக் தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டிக்கலாம். அடுத்த வருஷம் அதற்கு டெலிகாஸ்டர் என்று பெயர் வந்தது. நெக்கை ஸ்க்ரூவால் பிணைப்பது அவர் கண்டுபிடிப்பல்ல. 1935-லேயே ரிக்கன்பேக்கரின் பேக்லைட் கிட்டாரில் அது உண்டு. ஆனால் அதைத் தொழிற்சாலை முறையாக்கியது லியோதான்.

பெயிண்ட் கதையும் இப்படித்தான். ஃபெண்டரின் பிரபலமான ஃபியஸ்டா ரெட், லேக் பிளாசிட் ப்ளூ எல்லாமே டூபாண்ட் கம்பெனியின் கார் பெயிண்ட். ஆக, இன்றைக்கு கார் பெயிண்ட் ஸ்ப்ரேயோடு மொட்டை மாடியில் நிற்கிறவர் குறுக்குவழியில் போகவில்லை. தொழிற்சாலை போன வழியிலேதான் போகிறார்.

கழற்ற முடிகிற பொருளை மனுஷன் சும்மா விடுவானா? 1970-ல் எரிக் கிளாப்டன் நாஷ்வில்லில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கி, மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரே கிட்டாராக்கினார். அதுதான் 'பிளாக்கி'. 1972-ல் லாரி டிமார்சியோ, கிட்டாரில் ஏற்கெனவே இருக்கும் பிக்கப்பைக் கழற்றிவிட்டு மாட்டுவதற்கென்றே சூப்பர் டிஸ்டார்ஷன் என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தார். பாகம் விற்பது தனி வியாபாரமானது.

எட்டி வான் ஹேலன் அந்த வியாபாரத்தின் குழந்தை. கழித்துப் போட்ட பாடி 50 டாலர், நெக் 80 டாலர். அதில் கிப்சன் கிட்டார் ஒன்றின் பிக்கப்பை மாட்டினார். பிக்கப்பின் கம்பிச்சுற்று தளர்வாக இருந்தால் பெரிய சத்தத்தில் அதிர்ந்து கீச்சிடும். அதற்காக அதை உருக்கிய மெழுகில் முக்கினார். மேலே சைக்கிள் பெயிண்ட். வால்யூம் குமிழில் 'டோன்' என்று எழுதியிருக்கும்! 1978-ல் வந்த முதல் ஆல்பத்தைக் கேட்டவர்கள் அந்தச் சத்தம் எந்தக் கம்பெனி கிட்டாரில் வருகிறது என்று தேடினார்கள். கடையில் அப்படி ஒன்று இல்லை.

இங்கேதான் எனக்கு ஒரு முரண் உறுத்துகிறது. பழைய ஃபெண்டரில் ஒரு பிக்கப்பை மாற்றினாலோ, பூச்சைச் சுரண்டி மறுபடி அடித்தாலோ சேகரிப்பாளர்களிடம் விலை சரியும். மாற்றிக்கொள்ளவே பிறந்த பொருளுக்கு, மாறாமல் இருந்தால்தான் மதிப்பு. அதே சந்தையில்தான் மூன்று கிட்டாரின் ஒட்டான பிளாக்கி 2004-ல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. கிளாப்டன் கை பட்டதற்கான விலை அது, சந்தேகமில்லை. ஆனால் எந்த நெக் தன் கைக்குச் சரி என்று தேடிப் பொருத்தியதும் அதே கைதானே.

கிட் வாங்குகிறவருக்கு இந்த வரலாறு சொல்லும் பாடம் ஒன்று உண்டு. விலை உயர்ந்த பிக்கப்பை முதலில் வாங்கவேண்டாம்; அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முதல் கவனம் மரத்துக்கும் நெக்குக்கும். இழை போகும் திசையில் உப்புத்தாள் தேய்க்கணும். ஆஷ் மாதிரி துளை தெரியும் மரமானால் பெயிண்டுக்கு முன் துளைகளை அடைக்கணும். நெக் உட்காரும் குழியில் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டணும். அங்கே பூச்சு தடித்தால் நெக் சரியாக உட்காராது. ஃப்ரெட் நுனி கையைக் கீறாமல் அரம் போடணும். நரம்பு உட்காரும் நட்டின் வெட்டு உயரமாக இருந்தால், எவ்வளவு நல்ல பிக்கப்பும் அந்த அபஸ்வரத்தைத்தான் சத்தமாகச் சொல்லும்.

லியோ அந்த நாலு ஸ்க்ரூவை வைத்தது தொழிற்சாலை வேகத்துக்காகவும் ரிப்பேர் வசதிக்காகவும். வாங்கியவர் கையிலும் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும் என்பதுதான் அதற்கப்புறம் நடந்த வரலாறு.