பெட்டியில் 12,000 லூமென்ஸ்... சுவரில் மங்கலான படம்! பட்ஜெட் ப்ரொஜெக்டர் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

ஐபிஎல் சீசன் வந்தாலும் சரி, தீபாவளி ஆஃபர் வந்தாலும் சரி, ஷாப்பிங் தளங்களில் ப்ரொஜெக்டர் விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. 5 ஆயிரம் ரூபாயில் தொடங்கி 20 ஆயிரம் ரூபாய் வரை, 'வீட்டிலேயே தியேட்டர்' என்பதுதான் எல்லா விளம்பரங்களும் சொல்லும் ஒரே வசனம். ப்ரொஜெக்டர்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் பலரை யோசிக்க வைத்திருக்கிறது.

ஆனால், ஆசையாக வாங்கி வந்து ஆன் செய்த முதல் நாளே, "விளம்பரத்துல பார்த்த மாதிரி இல்லையே" என்று ஏமாந்து போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் மெஷினில் பழுது எதுவும் இருக்காது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பியதும், ஹாலில் எரியும் டியூப்லைட்டை மறந்ததும்தான் காரணம். 10 ஆயிரம் ரூபாய் வீணாகாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும், எப்படிப் பொருத்த வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

லூமென்ஸ்... எந்த லூமென்ஸ்?

ப்ரொஜெக்டர் எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதைச் சொல்லும் அளவுதான் லூமென்ஸ். இதிலேயே இரண்டு வகை இருக்கிறது. மலிவு மாடல்களின் பெட்டியில் 8,000, 12,000 என்று கொட்டை எழுத்தில் இருப்பது, பெரும்பாலும் உள்ளே இருக்கும் எல்இடி விளக்கின் கணக்கு. அந்த வெளிச்சம் எல்சிடி தகட்டைத் தாண்டி லென்ஸ் வழியாக வெளியே வருவதற்குள் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

நாம் பார்க்க வேண்டியது 'ஆன்சி லூமென்ஸ்'. திரையை 9 சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் விழும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்து, திரையின் பரப்பளவால் பெருக்கிச் சொல்லும் கணக்கு இது. அதாவது கண்ணுக்கு வந்து சேரும் வெளிச்சம். சில நிறுவனங்கள் 'ஐஎஸ்ஓ லூமென்ஸ்' என்று போடும். அதையும் நம்பலாம். 20 ஆயிரத்துக்குள் கிடைக்கும் மாடல்களில் ஆன்சி எண் பொதுவாகச் சில நூறுகளில்தான் இருக்கும். 'ஆன்சி' என்ற சொல்லே இல்லாமல் வெறும் லூமென்ஸ் என்று மட்டும் இருந்தால் உஷாராகிடுங்க.

பெட்டியிலேயே பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. வீட்டில் மாட்டியிருக்கும் 20 வாட்ஸ் எல்இடி டியூப்லைட் ஏறக்குறைய 2,000 லூமென்ஸ் தரும். அதாவது வாட்டுக்கு 100 லூமென்ஸ். இந்தக் கணக்கில் 60 வாட்ஸ் மட்டும் மின்சாரம் எடுக்கும் ப்ரொஜெக்டர், ஒரு துளி வெளிச்சம்கூட வீணாகாவிட்டாலும் 6,000 லூமென்ஸைச் சுற்றித்தான் வர முடியும். அது 12,000 தருகிறது என்றால் எப்படி?

80 இன்ச்சா, 120 இன்ச்சா?

'200 இன்ச் வரை படம் பார்க்கலாம்' என்பது இன்னொரு விளம்பர வாசகம். பார்க்கலாம்தான். ஆனால், ஒரே வெளிச்சத்தைப் பெரிய சுவரில் பரப்பினால் படம் நீர்த்துப் போகும், பாலில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

செல்போன் டிஸ்ப்ளே விளம்பரங்களில் வரும் 'நிட்ஸ்' கணக்கிலேயே சொன்னால் எளிதாகப் புரியும். சினிமா தியேட்டரில் திரையின் வெளிச்சத்துக்கு 48 நிட்ஸ் என்பது தர அளவு. சாதாரண எல்இடி டிவி 250 முதல் 300 நிட்ஸ் வரை தரும். 200 ஆன்சி லூமென்ஸ் ப்ரொஜெக்டர் ஒன்றை நல்ல வெள்ளைத் திரையில், கும்மிருட்டில் ஓட்டினால் கிடைப்பது தோராயமாக இவ்வளவுதான்:

60 இன்ச் - 64 நிட்ஸ்
80 இன்ச் - 36 நிட்ஸ்
100 இன்ச் - 23 நிட்ஸ்
120 இன்ச் - 16 நிட்ஸ்

100 இன்ச்சில் தியேட்டர் அளவு வெளிச்சம் வேண்டுமென்றால் 400 ஆன்சி லூமென்ஸுக்குக் கொஞ்சம் மேலே தேவை. 80 இன்ச் போதும் என்றால் 270 போதும். இது முழு இருட்டில் போட்ட கணக்கு. ஹாலில் 2,000 லூமென்ஸ் டியூப்லைட்டை எரியவிட்டு, 200 லூமென்ஸ் ப்ரொஜெக்டரை ஓட்டினால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கறுப்பு நிறம் சாம்பலாகும், இரவுக் காட்சிகளில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாது.

எனவே, ப்ரொஜெக்டருக்கு அடுத்து பணம் செலவழிக்க வேண்டியது ஜன்னல் திரைச்சீலைக்குத்தான். வெளிச்சத்தை முழுசாகத் தடுக்கும் 'பிளாக் அவுட்' கர்ட்டன், சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. வேறு எந்தச் செட்டிங்ஸையும் விட அதிக வித்தியாசத்தைக் காட்டுவது இதுதான்.

'4கே சப்போர்ட்' என்ற மாயவார்த்தை

அடுத்த பொறி ரெசல்யூஷன். '4கே சப்போர்ட்' என்றால் 4கே வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே அர்த்தம். திரையில் காட்டுவது 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்ற இடத்தில் இருக்கும் அளவுதான்.

480பி என்றால் சுமார் 4 லட்சம் புள்ளிகள், 720பி என்றால் 9 லட்சம் புள்ளிகள், 1080பி என்றால் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். 32 இன்ச் டிவியில் 480பி ஓரளவு தாங்கும். அதையே 100 இன்ச்சுக்கு விரித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், சப்டைட்டில் படிக்கவே சிரமமாக இருக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால் நேட்டிவ் 1080பி, இல்லையென்றால் குறைந்தபட்சம் 720பி. அதற்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

எல்சிடியா, டிஎல்பியா?

20 ஆயிரத்துக்குள் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை ஒற்றை எல்சிடி தகடு கொண்டவை. இவற்றில் தூசி உள்ளே போனால் படத்தில் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். நம்மூர் தூசிக்கு இது முக்கியமான விஷயம். 'சீல்டு ஆப்டிகல் இன்ஜின்', அதாவது ஒளிப்பகுதி முழுசாக மூடப்பட்ட மாடலாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

டிஎல்பி வகையில் லட்சக்கணக்கான நுண்ணிய கண்ணாடிகள் அசைந்து படத்தை உருவாக்குகின்றன. படம் கூர்மையாக இருக்கும். ஆனால், வேகமான காட்சிகளில் சிலரின் கண்ணுக்கு மட்டும் வானவில் நிறக் கோடுகள் மின்னி மறையும். வீட்டில் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

முதலில் டேப், அப்புறம் ஆர்டர்

ஆர்டர் போடும் முன் அறையை அளந்துவிடுங்கள். ப்ரொஜெக்டர் விவரப் பட்டியலில் 'த்ரோ ரேஷியோ' என்று ஒரு எண் இருக்கும். படத்தின் அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால், சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

80 இன்ச் படத்தின் அகலம் சுமார் 5.8 அடி. த்ரோ ரேஷியோ 1.2 என்றால் 7 அடி தூரம் வேண்டும். 100 இன்ச் படத்தின் அகலம் சுமார் 7.3 அடி. அதற்கு ஏறக்குறைய 8.7 அடி தூரம். அதே 100 இன்ச்சுக்கு ரேஷியோ 1.4 ஆக இருந்தால் 10 அடியைத் தாண்டிவிடும். 10-க்கு 12 அடி அறையில் மெஷின், ஒயர், பின்னால் காற்றோட்டத்துக்கு இடம் என்று ஓர் அடி போய்விடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கோங்க.

கணக்கு தலை சுற்றினால் ஒரு சுலப வழி: பழைய நியூஸ் பேப்பர்களை ஒட்டி, 5.8 அடி அகலம், 3.3 அடி உயரத்தில் சுவரில் மாட்டிப் பாருங்கள். அதுதான் 80 இன்ச். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே தாராளம்.

சுவரா, திரையா, வேட்டியா?

வெள்ளைச் சுவர் இருந்தால் ஆரம்பத்தில் அதுவே போதும். ஆனால் நம்மூர் வீடுகளில் மஞ்சள், பச்சை, ரோஸ் சுவர்கள்தான் அதிகம். சுவரின் நிறம் படத்தில் அப்படியே ஏறிவிடும். ஹீரோ முகம் பச்சையாகத் தெரிந்தால் ப்ரொஜெக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

படம் விழும் இடத்துக்கு மட்டும் பட்டி பார்த்து, பளபளப்பு இல்லாத வெள்ளை பெயின்ட் அடிக்கலாம். வாடகை வீடு என்றால் சுருட்டி வைக்கும் திரை வாங்கலாம். வேட்டி, பெட்ஷீட் கட்டிப் பார்ப்பது மொட்டை மாடியில் ஒருநாள் கொண்டாட்டத்துக்குச் சரி. மெல்லிய துணி என்றால் வெளிச்சம் பின்பக்கம் ஊடுருவிப் போய்விடும், அதோடு காற்றில் படமும் ஆடும்.

எங்கே வைப்பது?

ப்ரொஜெக்டர் திரைக்கு நேர் எதிரே, திரையின் நடுவை நோக்கி இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைத்துவிட்டு 'கீஸ்டோன்' வசதியால் நேராக்கிவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். கீஸ்டோன் செய்வது படத்தை ஓரங்களில் வெட்டிச் சுருக்குவதைத்தான். அதில் புள்ளிகளும் வெளிச்சமும் சேர்ந்தே குறையும். முடிந்தவரை இடத்தைச் சரிசெய்துவிட்டு, கடைசி ஒரு சுற்றுக்கு மட்டும் கீஸ்டோனைப் பயன்படுத்துங்கள்.

மேலே மாட்டுவதாக இருந்தால் சீலிங் ஃபேனைப் பாருங்கள். ஹால் நடுவில் ஃபேன் சுற்றும்போது, அதற்குப் பின்னால் மாட்டிய ப்ரொஜெக்டரின் ஒளியை இறக்கை வெட்டும். படம் விட்டு விட்டுத் தெரியும். அந்த மாதிரி வீடுகளில் ஃபேனுக்குக் கீழே, சோபாவுக்குப் பின்னால் ஒரு ஷெல்ஃப் அடித்து வைப்பதே வழி. தலைகீழாக மாட்டினால் மெனுவில் 'சீலிங்' என்பதைத் தேர்வு செய்தால் படம் நேராகிவிடும்.

சூடான காற்று வெளியே வரும் பக்கத்தில் ஒரு சாண் இடமாவது காலியாக இருக்கட்டும். மூடிய அலமாரிக்குள் வைக்கவே கூடாது. அணைக்கும்போது ரிமோட்டில் ஆஃப் செய்து, உள்ளே ஃபேன் நின்ற பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும். குழந்தைகள் லென்ஸுக்குள் நேராகப் பார்க்காத உயரத்தில் வைப்பதும் முக்கியம்.

நெட்ஃப்ளிக்ஸ் ஓடுமா?

மலிவு ஆண்ட்ராய்டு ப்ரொஜெக்டர்கள் பலவற்றில் ஓடிடி நிறுவனங்களின் முறையான அனுமதி இருக்காது. ஆப் இருந்தாலும் எச்டி தரத்தில் ஓடாது, அல்லது திறக்கவே திறக்காது. போனிலிருந்து மிரர் செய்தாலும் காப்புரிமைப் பாதுகாப்பு காரணமாகப் பல ஓடிடி ஆப்களில் கறுப்புத் திரைதான் வரும்.

தீர்வு எளிது. எச்டிஎம்ஐ போர்ட் உள்ள மாடலாக வாங்கி, ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரியான ஒன்றைச் செருகிவிடுங்கள். வீட்டில் இருக்கும் செட்டாப் பாக்ஸையும் அதே போர்ட்டில் இணைக்கலாம். ப்ரொஜெக்டரின் சாஃப்ட்வேர் இரண்டு வருடத்தில் பழசாகிப் போனாலும் கவலை இருக்காது.

சத்தத்துக்கு, உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கரை நம்ப வேண்டாம். புளூடூத் ஸ்பீக்கரில் உதட்டசைவுக்கும் குரலுக்கும் இடைவெளி விழுந்தால், ஆக்ஸ் ஒயர் மாட்டினாலே சரியாகிவிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

அலுவலகங்களில் இருந்து விற்பனைக்கு வரும் பழைய லேம்ப் வகை ப்ரொஜெக்டர்களில் 3,000 ஆன்சி லூமென்ஸ் சாதாரணமாக இருக்கும். வெளிச்சத்தில் புது மலிவு மாடல்கள் பக்கத்திலேயே வர முடியாது. ஆனால், மெனுவில் 'லேம்ப் அவர்ஸ்' எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். சில ஆயிரம் மணி நேரத்தில் லேம்ப் மாற்ற வேண்டி வரும், அதற்கே ஆயிரக்கணக்கில் செலவாகும். லேம்ப் கிடைக்கிறதா, என்ன விலை என்று விசாரித்த பிறகே பேரம் பேசுங்கள்.

யாருக்கு டிவியே போதும்?

பகலில் செய்தி, மாலையில் சீரியல், நடுவில் குழந்தைகளுக்கு கார்ட்டூன் என்று லைட் போட்டபடி நாள் முழுக்க ஓடும் வீட்டுக்கு பட்ஜெட் ப்ரொஜெக்டர் சரிப்படாது. 20 ஆயிரத்தைச் சுற்றிக் கிடைக்கும் 43 இன்ச் டிவியே அங்கே லாபம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வாரத்துக்கு இரண்டு படம், முக்கியமான மேட்ச் என்று பார்ப்பவர்களுக்குத்தான் ப்ரொஜெக்டர் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

பெட்டி வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

ஆர்டர் போடும்போதே 'ரிட்டர்ன்' உண்டா, 'ரீப்ளேஸ்மென்ட்' மட்டுமா என்று பார்த்துக்கோங்க. பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வைப்பது நல்லது. முதல் நாளே இருட்டில் மூன்று சோதனைகள்: முழு வெள்ளைப் படத்தில் நிறத்திட்டு தெரிகிறதா, முழு கறுப்பில் ஒளிரும் புள்ளி இருக்கிறதா, எழுத்துகள் நிறைந்த பக்கத்தில் நான்கு மூலைகளும் தெளிவாக இருக்கின்றனவா? பிறகு ஒரு முழுப்படம் ஓடவிட்டு சூடும் ஃபேன் சத்தமும் எப்படி என்று கவனியுங்கள்.

நேட்டிவ் 1080பி என்று சொல்லிவிட்டு வேறு ஒன்றை அனுப்பியிருந்தால், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டுடன் விற்பனையாளரிடம் புகார் செய்யலாம். அவர்கள் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் நடவடிக்கைக்கு உரியவை. அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஆர்டர் போடும் நாளிலேயே எடுத்து வைத்துக்கோங்க. விற்பனைப் பக்கத்தில் எண்கள் எப்போது வேண்டுமானாலும் மாறலாம்.