மரக்கால் போன வழி

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இன்றும் மரக்கால் கிடைக்கிறது. வாயிலும் அடியிலும் இரும்புப் பட்டம் இறுக்கிய மர உருளை. உள்ளே கைவிட்டுத் தடவினால், தலைமுறைக் கணக்கில் நெல் உரசி வழவழத்துப் போயிருக்கும். வாங்குகிறவர்கள் அதில் பூச்செடி வைக்கிறார்கள். மண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் அந்த மரம் எத்தனை நாள் தாங்கும்?

மரத்தால் ஆன கால் என்பதுதான் சொல். இங்கே கால் என்பது அளக்கும் கலம். பின்னாளில் முழுக்க இரும்பாலேயே அடித்தபோதும் பெயரில் மரம் நின்றுவிட்டது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், மதுரைக் கூலவீதியில் அம்பணத்தோடு திரியும் அளவைக்காரர்கள் வருகிறார்கள், அம்பணமும் மரக்கால்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அளவைக்குத் தனிப் பெயரே உண்டு. 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் நெல் அளந்தார்கள். அது 'ராஜகேசரி' என்னும் மரக்காலுக்குச் சமம். இறைவன் பெயரும் அரசன் பெயரும் ஏறிய கலத்தில் குறைத்து அளக்கக் கை கூசியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அளவைப் பெயர்கள் நாவில் எவ்வளவு புழங்கின என்பதற்குத் தொல்காப்பியமே சாட்சி. நாழியோடு உரி சேர்ந்தால் 'நாழியுரி' ஆகாது, 'நாடுரி' ஆகும் என்று அந்த ஒரு சேர்க்கைக்காகவே தொல்காப்பியர் நூற்பா எழுதியிருக்கிறார். ஒன்றரை நாழி என்று நாள்தோறும் பேசியவர்கள் இருந்ததால்தானே இலக்கணம் அதற்கு இடம் கொடுத்தது?

மரக்காலின் இன்னொரு பெயர் குறுணி. எட்டு நாழி, அதாவது எட்டுப் படி, ஒரு குறுணி; பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்பது வாய்பாடு. ஆனால் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் முக்குறுணி விநாயகருக்குச் சதுர்த்தியன்று படைக்கும் பெரிய கொழுக்கட்டைக்கு 18 படி அரிசி என்பார்கள். அங்கே குறுணிக்கு ஆறே படி! ஊருக்கு ஊர் கலம் மாறியது. கலத்துக்குக் கலம் கொள்ளளவு மாறியது.

களத்துமேட்டில் அந்த வேறுபாட்டுக்கு விலை கொடுத்தவர்கள் கூலிக்காரர்கள். பொலி தூற்றி முடிந்ததும் அளப்பவர் 'ஒன்று' என்று தொடங்க மாட்டார். 'லாபம்' என்று முதல் மரக்காலைக் கொட்டிவிட்டு, 'ரெண்டு, மூணு' என்று ராகமாக எண்ணிக்கொண்டு போவார். அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. ஆனால் அதே களத்தில் வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க அதைவிடச் சிறிய கள்ள மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த மிராசுதார்களும் இருந்தார்கள். முத்திரை குத்திய மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பது தஞ்சை விவசாயத் தொழிலாளர் போராட்டங்களின் கோரிக்கைகளில் ஒன்று. கூடுதலாக அரைப்படி நெல் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். மரக்காலை நினைத்து ஏங்குகிறவர்கள் இதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1956இல் வந்த எடை, அளவைச் சட்டம் நாடு முழுவதற்கும் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. கிலோவும் லிட்டரும் எல்லா ஊருக்கும் ஒன்று, அது நியாயம்தான். கல்யாண வீட்டு நிறைநாழியிலும், பாட்டிமார் உலைக்கு அரிசி அளக்கும் உழக்கிலும் பழைய அளவை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பதக்கு, தூணி என்ற அளவைகள் அகராதிக்குள் போய்விட்டன.

உங்கள் வீட்டுப் பரணில் மரக்காலோ படியோ கிடந்தால், விற்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அரிசியைத் தலைதட்டி நிரப்பி எடைபோடுங்கள். ஊர்ப் பெயர், எடை, வீட்டுப் பெரியவர்கள் அதை அழைத்த பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த ஊர் எந்த அளவால் அளந்தது என்பதற்கு வேறு ஆதாரம் இல்லாமல் போகலாம்.