வீட்டில் கொல்லுப்பட்டறை போடுறீங்களா? உலையை அணைத்த பிறகுதான் உஷார் தேவை.. ஏன் தெரியுமா?

யூடியூபில் கத்தி அடிக்கும் வீடியோவைப் பார்த்ததும் 'நாமளும் வீட்டுல ஒரு உலை போட்டா என்ன?' என்று தோன்றுகிறதா? உலை, காற்று ஊதும் ப்ளோயர், பட்டடை, சுத்தியல், குறடு இருந்தாலே வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனால் அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ..

எங்கே அமைக்கலாம்?

சிமெண்ட் அல்லது மண் தரையும், தகரக் கூரையும் இருந்தால் நல்லது. ஓலைக் கூரை, பிளாஸ்டிக் ஷீட், மரப்பலகை பக்கத்தில் கூடவே கூடாது. தீப்பொறி நாம் நினைப்பதைவிட ரொம்ப தூரம் தெறிக்கும். வெல்டிங், கிரைண்டிங் போன்ற வேலைகளுக்கான அமெரிக்க தீ பாதுகாப்பு விதியான என்.எஃப்.பி.ஏ 51பி, சுற்றிலும் 35 அடிக்குள் எரியும் பொருள் இருக்கக் கூடாது என்கிறது. வீட்டில் அவ்வளவு இடம் கிடைக்காவிட்டால், இருக்கும் பொருட்களையாவது வெளியேற்றிவிட வேண்டும்.

உலைக்கும் பட்டடைக்கும் நடுவே ஓரிரு அடி வைத்தால் போதும். பழுத்த இரும்போடு நடக்கும் தூரம் குறையும். கையைத் தொங்கவிட்டு முஷ்டியை மடக்கினால் விரல் முட்டி வரும் உயரத்தில் பட்டடை இருப்பது வழக்கம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வெளியாகும். இதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். கதவை மூடிக்கொண்டு உலை மூட்டுவது உயிருக்கே ஆபத்து.

கேஸ் உலை என்றால் இன்னொரு சிக்கல். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். அதனால் காற்றோட்டம் தரை மட்டத்திலும் வேண்டும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை உலையில் வைக்காதீங்க. அந்தப் புகையால் காய்ச்சல், குளிர் நடுக்கம் வரும். இருபக்கமும் அடைத்த பைப்பை சூடாக்கினால் வெடிக்கும்.

பக்கத்தில் என்னென்ன இருக்கணும்?

* ஏபிசி வகை தீயணைப்பான். உலைக்குப் பக்கத்தில் அல்ல, வெளியேறும் வழியில் மாட்டுங்கள்.

* ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல்.

* கத்தியை எண்ணெயில் தோய்ப்பவர்கள் மூடியுள்ள இரும்புப் பாத்திரம் வைத்திருக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியைப் போட்டு அணைக்கணும். தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் நாலாபக்கமும் சிதறும்.

* பருத்தி உடை, ஷூ, கண்ணாடி, காதடைப்பான். பாலியஸ்டர் துணி உருகித் தோலோடு ஒட்டிவிடும்.

கறுத்துவிட்டால் ஆறிவிட்டதா?

இங்கேதான் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். சுமார் 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இரும்பு சிவப்பாகத் தெரியாது. அதாவது 400 டிகிரியில் இருக்கும் துண்டும் பார்க்க சாதாரண கறுப்பு இரும்பு மாதிரியே கிடக்கும். தொட்டால் கை வெந்துவிடும், மரத்தில் வைத்தால் தீப்பிடிக்கும். சூடான துண்டுகளுக்கு ஒரே இடம் ஒதுக்குங்கள். புறங்கையை அருகே கொண்டுபோய் அனல் அடிக்கிறதா என்று பார்த்த பிறகே எடுங்கள்.

தீப்பொறியும் அப்படித்தான். மரத்தூளிலோ பழைய துணியிலோ விழுந்தால் வெளியே தெரியாமல் கனன்று, ஆள் போன பிறகு பற்றிக்கொள்ளும். அதனால்தான் வேலை முடிந்த பிறகும் காவல் இருக்க வேண்டிய நேரத்தை அரை மணியிலிருந்து 1 மணி நேரமாக என்.எஃப்.பி.ஏ 51பி 2019-ல் உயர்த்தியது.

எனவே வேலை முடிந்ததும் கரியைப் பரப்பி, ப்ளோயரை நிறுத்தி, கேஸ் வால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். மீதக் கரியையும் சாம்பலையும் மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள். குப்பைத் தொட்டியிலோ சாக்கிலோ கொட்ட வேண்டாம்.

தீக்காயம் பட்டால்?

ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். காயம் பெரிதாக இருந்தால் 108, தீ கைமீறினால் 101 அல்லது 112-ஐ அழையுங்கள்.