கண்ணாடித் தொட்டியின் கதை

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையில் அமைந்த பழம்பதி திருமழபாடி. சோழர் காலத்துக் கல்வெட்டுகளால் வரலாற்று மாணவர்கள் நன்கறிந்த ஊர் அது. ஆற்றில் வெள்ளம் புரளும் நாட்களில் வாய்க்கால் வழியே வயலுக்கும் குட்டைக்கும் மீன் ஏறுவதும், வெள்ளம் வடிந்தபின் சிறுவர் துண்டை விரித்து அவற்றை அள்ளுவதும் அக்கரையூர்கள் அனைத்துக்கும் பொதுவான காட்சி. விராலும் குரவையும் கெளுத்தியும் கெண்டையும் அங்கே பாடநூலில் படித்து அறியவேண்டிய பெயர்கள் அல்ல.

இத்தகைய ஆற்றங்கரை ஊர்களிலும் இன்று வீட்டு முன்கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ணமீன் வளர்க்கும் ஆசை பரவியிருக்கிறது. பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோர் வாங்கித் தருகிறார்கள். பத்து நாட்களுக்குள் மீன் ஒவ்வொன்றாக மிதக்கிறது. 'நம் வீட்டுக்கு மீன் ராசியில்லை' என்று சொல்லித் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை இத்தொட்டியின் வரலாறே எடுத்துரைக்கும். அவ்வரலாற்றில் நம் காவிரிச் சமவெளிக்கும் ஒரு பங்குண்டு என்பது பலர் அறியாதது.

அழகுக்காக மீன் வளர்ப்பது பழைய வழக்கம். சீனத்தில் சோங் அரச மரபின் காலத்திலேயே (960-1279) பொன்மீன் வளர்ப்பு ஒரு கலையாக மலர்ந்துவிட்டது. நம் நாட்டில் முகலாயர் தோட்டங்களிலும் மீன்கள் செல்வமாக வளர்ந்தன. 1660களில் காஷ்மீரத்துக்குச் சென்ற பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், வேர்நாக் தோட்டத்துக் குளத்தில் அழைத்தால் அருகே வரும் மீன்களைக் கண்டதாக எழுதினார். அவற்றுள் பெரியவற்றின் செவுளில் எழுத்துப் பொறித்த பொன் வளையங்கள் இருந்தன என்றும், அவற்றை அணிவித்தவர் பேரரசர் ஜஹாங்கீரின் துணைவியார் நூர்ஜஹான் என்று மக்கள் கூறினர் என்றும் அவர் குறித்திருக்கிறார். ஆயினும் அவை யாவும் குளங்களே. ஊற்று நீர் ஓடிக்கொண்டிருக்கும் குளத்தில் மீன் வாழ்வது வியப்பன்று. நாற்புறமும் அடைத்த சிறு கலத்தில் மீனை வாழவைப்பது வேறு வித்தை. அதைக் கற்க உலகம் வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கு முன்பே நம் ஆற்று மீன்கள் அறிவியல் ஏடுகளில் இடம்பெற்றுவிட்டன. காவிரிச் சமவெளியின் கடலோரத்தில் தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர் வசம் இருந்தது. அங்கு வாழ்ந்த பாதிரியார் ஜான் உள்ளூர் மீன்களைச் சேகரித்து, பெர்லின் நகரத்து மருத்துவரும் மீனியல் அறிஞருமான புளோக் என்பாருக்கு அனுப்பிவந்தார். புளோக் 1793இல் வெளியிட்ட விவரங்களின் வழியே விரால், குரவை இனங்கள் மேலைநாட்டு நூல்களில் ஏறின. அவற்றின் தமிழ்ப்பெயர்களும் உடன் சென்றன. 1801இல் பிரெஞ்சு அறிஞர் லாசெபேத், இவ்விரு மீன்களின் அறிவியற்பெயரிலேயே 'ரால்' (விரால்), 'கர்ருவே' (குரவை) என்னும் சொற்களை இலத்தீன் எழுத்தில் பொறித்தார். பிற்காலத்தில் அப்பெயர்கள் வழக்கொழிந்தனவெனினும், நம் மீனவர் நாவில் புழங்கிய சொல் பாரிஸ் நகரத்து ஏட்டில் அச்சேறியது உண்மை.

அதே தரங்கம்பாடியில் 1791 நவம்பரில், டால்டார்ஃப் என்னும் டேனிஷ் படை அலுவலர், குளக்கரைப் பனைமரத்தின் பட்டைப் பிளவில் ஒரு மீனைக் கண்டெடுத்தார். அச்செய்தி 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தை எட்டியபோது அறிஞர் வியந்தனர். நம்மவர் பனையேறி என்று அழைத்துவந்த மீனே அது. உண்மையில் பனையேறியதா என்பதில் பின்வந்த அறிஞர்கள் ஒருமைப்படவில்லை. ஆனால் ஈரத்தரையில் ஊர்ந்து குளம்விட்டுக் குளம் செல்லும் என்பதில் ஐயமில்லை. அதன் தலைக்குள் காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு. இவ்வுறுப்பு பின்னர் கண்ணாடித் தொட்டியின் வரலாற்றில் முக்கியமானதை விரைவில் காண்போம்.

இனி, அடைத்த நீரில் மீன் ஏன் சாகிறது என்னும் வினாவுக்கு வருவோம். 1770களில் பிரீஸ்ட்லி, கெட்ட காற்றைச் செடிகள் நல்ல காற்றாக்குகின்றன என்று கண்டார். அதற்கு வெளிச்சம் இன்றியமையாதது என்று 1779இல் இங்கன்ஹவுஸ் நிறுவினார். இவ்விரண்டையும் மீனோடு பொருத்திப் பார்த்தவர் லண்டன் வேதியியலார் ராபர்ட் வாரிங்டன். பன்னிரண்டு காலன் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் மணலிட்டு, வாலிஸ்நேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். செடி தந்த உயிர்வளியால் மீன் வாழ்ந்தது. ஆனால் அழுகிய இலைகளால் நீர் கலங்கிப் பாசி படர்ந்தது. அவர் சில நத்தைகளைச் சேர்த்தார், அழுகலை அவை தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் இதை வேதியியல் சங்கத்தில் வெளியிட்டார். மீன், செடி, நத்தை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சிற்றுலகம் அது. 1853இல் லண்டன் விலங்குக்காட்சிசாலையில் பொதுமக்கள் காணும் மீன்கூடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு காஸ் என்பார் எழுதிய நூலால் 'அக்வேரியம்' என்னும் சொல்லும் எங்கும் பரவியது.

எனினும் வாரிங்டன் கண்டது பாதியுண்மையே. மீதியைத் தேடியவர்களுள் அவருடைய மகனும் ஒருவர் என்பது இவ்வரலாற்றின் இனிய பகுதி. தந்தையின் பெயரையே தாங்கிய அவர், ராதம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வுக்களத்தில் மண்ணைப் பற்றி ஆராய்ந்தார். எருவிலிருந்து எழும் அமோனியா மண்ணில் நைட்ரேட்டாக மாறுவது நுண்ணுயிர்களின் செயல் என்று 1877இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் காட்டினர். மகன் வாரிங்டன் அதைத் தொடர்ந்து ஆய்ந்து, அமோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் இரு படிகளில் மாறுவதை விளக்கினார். 1890இல் வினோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். வயலுக்காகச் செய்த ஆராய்ச்சி இது. ஆனால் தந்தையின் கண்ணாடிக் கலத்தில் மறைந்திருந்த மர்மத்துக்கும் இதுவே விடை.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா பிறக்கிறது. அது மீனுக்கு நஞ்சு, நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. செடிகள் அதை உணவாகக் கொள்ளும். நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியேறிப் பெருகுவதற்கு ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதுத்தொட்டியில் நீர் கண்ணாடி போல் தெளிந்திருந்தும் பத்தாம் நாளில் மீன் மிதப்பது இதனாலேயே. 'அத்தா, மீன் ஏன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது?' என்று பிள்ளை கேட்குமானால், நீரில் உயிர்வளி குறைந்திருக்கிறது அல்லது நஞ்சு மிகுந்திருக்கிறது என்று பொருள்.

இதற்கிடையில் 1869இல் சீனத்திலிருந்து சொர்க்கமீன் என்னும் அழகிய இனம் பாரிஸ் சென்றது. கார்போனியர் என்பார் அதை வளர்த்துக் குஞ்சு பொரிக்கவும் வைத்தார். நெடுங்கடற்பயணத்தில் பிற மீன்கள் மாள, இது பிழைத்ததற்குக் காரணம், நம் பனையேறிக்கு இருப்பதைப் போன்ற காற்றுச் சுவாச உறுப்பு இதற்கும் இருந்ததே. இவ்வினத்தின் நெருங்கிய உறவினம் ஒன்று நம் பக்கத்திலேயே வாழ்கிறது. புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்த அச்சிறு மீனுக்கு, 1831இல் அவ்வாற்றின் பெயரையொட்டியே 'குப்பானஸ்' என்று அறிவியற்பெயர் சூட்டினர். வயலோர வாய்க்கால்களில் வாழும் விரலளவு மீன் அது. நீர்மேல் நுரைக்குமிழிகளால் கூடு கட்டி முட்டையைக் காக்கும்.

தமிழகத்தில் பொதுமக்கள் மீன் தொட்டியைக் கண்டது 1909இல். அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக்காட்சிசாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் சென்னைவாசிகள் அழைத்த காலம் அது. அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் மெரினா கடற்கரையில் மீன் காட்சிசாலை எழுந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அது மூடப்பட்டது. பின்னாளில் சென்னைக் கொளத்தூர், வண்ணமீன் வளர்ப்பிலும் வணிகத்திலும் நாடறிந்த இடமாயிற்று. இன்று நம் சிற்றூர்களுக்கு நெகிழிப் பையில் வந்துசேரும் மீன்களுள் பல அவ்வாறு வளர்க்கப்பட்டவையே.

இவ்வளவு வரலாறும் ஒரு வீட்டுத் தொட்டிக்கு என்ன கற்பிக்கிறது? முதலாவது, உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை விட்டொழிக்க வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். வாரிங்டனின் கலமும் ஏறக்குறைய இவ்வளவே. நீர் மட்டும் அரை மணங்கு அன்று, ஐம்பது கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஆதலால் உறுதியான மேசை வேண்டும். நேர்வெயில் படும் சன்னலோரம் கூடாது, நீர் பச்சையாகிவிடும். ஆற்றுமணலைக் கலங்கல் போகக் கழுவி இரண்டு விரற்கடை பரப்பி, செடி நட்டு, பஞ்சு வடிகட்டியை இயக்கவேண்டும். குழாய்நீரில் குளோரின் கலந்திருந்தால் ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றலாம். அரியலூர்ப் பக்கம் பழங்காலக் கடலடியாய் இருந்த சுண்ணாம்புக்கல் பூமி. அத்தகைய நிலத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. நத்தைக்கு அது நல்லது. மென்னீர் விரும்பும் அயல்நாட்டு மீன்களுக்கு ஆகாது.

பிறகு பொறுமை. முதலில் இரண்டு மூன்று சிறு மீன்கள் போதும். இரை நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றவேண்டும். முழுவதையும் கொட்டிக் கழுவுவது நுண்ணுயிர்க் குடியை அழிப்பதாகும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும். சிற்றிறால் வளர்க்க விரும்புவோர் தொட்டி நன்கு பழகியபின் அவற்றை விடுவதே முறை. தாமிரம் கலந்த மீன் மருந்துகள் இறாலைக் கொன்றுவிடும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். மீனிலும் நம்மூர் இனங்களை நாடலாம். குப்பானஸ் மீனும், நெற்றியில் வெள்ளிப்பொட்டு மின்ன நீர்மட்டத்தில் நீந்திக் கொசுப்புழு தின்னும் சிறுமீனும் நம் வெப்பத்துக்கும் நீருக்கும் பழகியவை. விரால் குஞ்சின் அழகில் மயங்கலாகாது. அது தொட்டிக்குள் அடங்காமல் வளரும்.

இறுதியாக ஒன்றை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். வளர்த்துச் சலித்த மீனை ஆற்றில் விடுவது இரக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். அதன் விளைவை நாடு அனுபவித்திருக்கிறது. கொசுவை ஒழிக்கவென்று 1928இல் கொணர்ந்த கம்பூசியா, உள்ளூர்ச் சிறுமீன்களின் குஞ்சையும் தின்றது. உணவுக்கென்று 1952இல் வந்த திலேப்பியா, நாம் ஜிலேபிக் கெண்டை என்பது, ஏரிகளில் நாட்டு மீன்களை நெருக்கிவிட்டது. இப்போது 'டேங்க் கிளீனர்' என்று கடைகளில் விற்கும் தென்னமெரிக்க மீன், தொட்டிகளிலிருந்து தப்பியும் விடப்பட்டும் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகியிருக்கிறது. விரலளவாய் வாங்கும் அது ஓரடிக்கு மேல் வளரும். முள்ளுடலால் வலையைக் கிழிக்கும். கரையைத் துளைத்து முட்டையிடும். வலை கிழிந்த மீனவரின் ஒருநாள் கூலி நம் இரக்கத்தின் விலையாகிவிடும்.

திருமழபாடியில் ஒரு வாய்க்காலில் விட்ட மீனுக்குக் கொள்ளிடம் முழுவதும் வழி. அதே மாவட்டத்திலுள்ள கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆயிரக்கணக்கான பறவைகளும் கரையோரக் குடும்பங்களும் நம்பியிருக்கும் நீர்நிலைகள் இவை. வேண்டாத மீனை வளர்ப்பவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். இல்லையேல் விற்ற கடைக்கே திருப்பிக் கொடுங்கள். நீரோடு அகற்றும் செடியையும் நத்தையையும் வாய்க்காலில் வீசாமல் வெயிலில் உலர்த்திப் புதையுங்கள்.

நம் இல்லங்களில் பிள்ளைகள் மீன் தொட்டி கேட்கும்போது மறுக்கவேண்டியதில்லை. மீன் வாங்குமுன் ஒரு மாதம் தண்ணீரை வளர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மாதக் காத்திருப்பில், பனையேறிக்கும் குரவைக்கும் பெயர் சொல்லிக்கொடுத்து, அவை வாழும் வாய்க்காலையும் ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.